யார் பெயரில் பற்று? ஒரு துண்டுப் பிரசுரத்தை முன்வைத்து

1

வத்தலக்குண்டில் ஒரு வங்கிக் கிளையில் குமாஸ்தாவாக இருக்கிறேன். ராஜமய்யர், பி.எஸ். ராமையா, சி.சு. செல்லப்பா ஆகியோரின் ஊர் என்று இலக்கியக்காரர்களிடம் சொல்லிக்கொள்வேன். மற்றவர்களுக்கு அது கொடைக்கானல் பஸ் டீக்கு நின்றுபோகும் ஊர். சென்ற வருஷம் ஐப்பசியில், கவுண்ட்டரில் கூட்டம் குறைந்த ஒரு மத்தியானம், பண்ணைக்காட்டுப் பக்கத்திலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை என்னைத் தேடி வந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடி ஏதாவது செய்கிறவர்கள் அவர்கள். சோலைக்குள் கிடக்கும் பாட்டில்களைப் பொறுக்குவார்கள். மேல்மலைப் புல்வெளியில் முளைக்கும் வாட்டில் கன்றுகளைப் பிடுங்குவார்கள். பள்ளிக்கூட மொட்டைமாடியில் மழைமானி வைத்து அளவை நோட்டில் எழுதுகிறார்கள். சம்பளம் கிடையாது, ஸ்தாபனம் கிடையாது, பெயர்ப்பலகைகூடக் கிடையாது.

"சார், நீங்க பத்திரிகையில எழுதுறவராமே. இதைக் கொஞ்சம் தமிழ் பார்த்துத் தரணும்."

நான் எழுதும் பத்திரிகை முந்நூறு பிரதி அச்சாகிறது, அதில் பாதி எழுதுகிறவர்களுக்கே போகிறது என்பதை நான் சொல்லவில்லை. ஒரு துண்டுப் பிரசுரத்தை நீட்டினார். எங்கிருந்தோ வந்த ஆங்கிலப் பிரசுரத்தின் தமிழ். தலைப்பு: காலநிலை நீதி கோருவோம். கீழ்மலைக் கிராமங்களில் கொடுப்பதற்கு.

செல்லப்பா 'எழுத்து' காலத்தில் அலசல் விமர்சனம் என்று ஒன்றைப் பிடிவாதமாகச் செய்துவந்தார். கவிதைக்கு மட்டுமே அந்த முறை உரியது என்று நினைத்திருந்தேன். அன்று ராத்திரி இந்த ஒரு பக்கப் பிரசுரத்தை அப்படி அலசிப் பார்த்தேன். 'மனிதகுலம் இயற்கைக்கு இழைத்த துரோகம்' என்று ஆரம்பிக்கிறது. பிறகு வரிசையாக: காடுகள் அழிக்கப்பட்டன, நச்சு வாயுக்கள் வெளியேற்றப்பட்டன, ஏழைகள் பாதிக்கப்படுகிறார்கள், நீதி மறுக்கப்படுகிறது. பதினாலு வாக்கியங்களில் பதினொன்று செயப்பாட்டு வினை. தோன்றா எழுவாய் என்று இலக்கணத்தில் படித்திருக்கிறோம். அதில்கூட வினைமுற்றைப் பார்த்து நானா, நீயா, அவனா என்று சொல்லிவிடலாம். இங்கே அதற்கும் வழியில்லை. வெட்டிய மரம் வாக்கியத்தில் இருக்கிறது. வெட்டியவன் இல்லை.

மொழிபெயர்ப்பின் குறை என்றுதான் முதலில் எண்ணினேன். அடுத்த ஞாயிறு அவர்களோடு தாண்டிக்குடி போனேன். காப்பி, மிளகு, மலைவாழை போட்டிருக்கும் ஒரு பெரியவர் வீட்டுத் திண்ணையில் ஆசிரியை பிரசுரத்தை உரக்கப் படித்தார். பெரியவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் சொன்னார்: "எல்லாம் சரிதாம்மா. பருவம் தப்பித்தான் போச்சு. பங்குனியில ஒரு மழை விழுந்தாத்தான் காப்பி பூக்கும். அது விழ வேண்டிய நாள்ல விழுறதில்லை. காய் சிவந்து பறிக்கப்போற நேரத்துல கொட்டுது. இதுல யாரைக் கேக்கச் சொல்றீங்க?"

ஆசிரியை என்னைப் பார்த்தார். பி.ஏ. ஆங்கில இலக்கியம் படித்தவன் நான். எனக்கும் பதில் தெரியவில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைச் சுற்றித்தான்.

2

வங்கியில் சஸ்பென்ஸ் அக்கவுண்ட் என்று ஒன்று உண்டு. ஒரு தொகை வந்திருக்கிறது, யாருடையது என்று தெரியவில்லை. அல்லது போயிருக்கிறது, யார் பெயரில் பற்று எழுதுவதென்று தெரியவில்லை. அன்றைய கணக்கை முடித்தாக வேண்டும். அதனால் தாற்காலிகமாக அங்கே போட்டுவைப்போம். தாற்காலிகம் என்பதுதான் முக்கியம். தணிக்கைக்கு வருகிறவர் முதலில் கேட்பது அதைத்தான். ஒரு கிளையின் யோக்கியதையை அதன் சஸ்பென்ஸ் கணக்கை வைத்தே சொல்லிவிடலாம். நாள்பட அதில் தூங்கும் ஒவ்வொரு பதிவுக்கும் பின்னால் ஒரு பெயர் இருக்கிறது. யாரோ ஒருவர் அதைத் தேடச் சோம்பல்பட்டிருக்கிறார், அல்லது தேடவேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறார்.

'மனிதகுலம்' என்பதும் 'இயற்கை' என்பதும் அந்தப் பிரசுரத்தின் சஸ்பென்ஸ் கணக்குகள்.

இதன் மறுபக்கத்தை நான் தினம் தட்டச்சு செய்கிறேன். பருவம் தப்பினால் பயிர் தப்பும், பயிர் தப்பினால் தவணை தப்பும். மழை தவறியதற்கு எழுவாய் கிடையாது. ஆனால் தவணை தவறிய நோட்டீஸில் எழுவாய் தெளிவாக இருக்கும்: பெயர், தகப்பனார் பெயர், சர்வே நம்பர், 'தாங்கள் செலுத்தத் தவறிவிட்டீர்கள்'. ஒரே நிகழ்ச்சியின் ஒரு நுனியில் யாருமே இல்லை. மறுநுனியில் தாண்டிக்குடிக்காரர் ஒருவர் முழு விலாசத்துடன் நிற்கிறார். காலநிலை நீதி என்ற சொற்சேர்க்கை எவ்வளவு செயற்கையாக இருந்தாலும், அது குறிக்கிற அநீதி இதுதான் என்று எனக்குப் படுகிறது.

இந்த மலைக்கு இது புதிதுமல்ல. கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1899இல் நிறுவப்பட்டது. அதற்கு முந்தைய கதை தாது வருஷப் பஞ்சத்தில் இருக்கிறது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானவர்கள் பட்டினியில் செத்தார்கள். அப்போதும் தானியம் கப்பலேறிக்கொண்டிருந்தது. 1877இல் வானியலாளர் நார்மன் லாக்யரும் அதிகாரி டபிள்யூ.டபிள்யூ. ஹன்ட்டரும் சூரியப் புள்ளிகளையும் பஞ்சங்களையும் தொடர்புபடுத்தி ஒரு கட்டுரை எழுதினார்கள். சூரியனில் புள்ளி குறைந்தால் மழை குறையும், மழை குறைந்தால் பஞ்சம். இந்தியாவில் சூரியனைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும் என்ற வாதத்துக்கு இந்த ஆர்வமும் பலம் சேர்த்தது. ஆய்வகத்தின் விஞ்ஞானத்தை நான் குறை சொல்லவில்லை. 1909இல் எவர்ஷெட் அங்கே கண்டுபிடித்தது இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. நான் சொல்வது கணக்கு எழுதிய முறையை. பசித்தவனுக்கும் தானியக் கிடங்குக்கும் நடுவில் ஒரு அரசாங்கம் இருந்தது. பற்று சூரியன் பெயரில் விழுந்தது.

3

இதே மலையில் எழுவாயைத் தேடிப்பிடித்த சந்தர்ப்பங்களும் உண்டு. அவற்றைச் செய்தவர்கள் இலக்கியக்காரர்கள் அல்ல.

1985இல் தொடங்கிய பழனி ஹில்ஸ் கன்சர்வேஷன் கவுன்சில் ஊர்க்காரர்கள் கூடி அமைத்த ஒரு தன்னார்வக் குழு. கொடைக்கானலில் இரண்டு மாடிக்கு மேல் கட்டக்கூடாது என்பது விதி. ஒரு ஹோட்டல் ஏழு மாடி எழும்பிற்று. 1994இல் அரசு அதற்கு விலக்களித்தது. கவுன்சில் வழக்குப் போட்டது. 1995இல் உயர்நீதிமன்றம் விலக்கை ரத்து செய்து அதிகப்படியான மாடிகளை இடிக்கச் சொல்லிற்று. அதே ஆண்டு உச்சநீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அந்த விலக்கு சம்பந்தமான குற்ற வழக்கில் 2000 பிப்ரவரி 2இல் முன்னாள் முதல்வருக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. 2001இல் மேல்முறையீட்டில் விடுதலையானார். ஆனால் தண்டனை வந்த அன்று தருமபுரியில் கலகக்காரர்கள் கொளுத்திய பஸ்ஸில் கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவிகள் மூன்று பேர் கருகிச் செத்தார்கள். மாடி எண்ணுவது சாதுவான காரியம் என்று யாரும் நினைக்கவேண்டாம். எண்ணிக்கை ஒரு பெயரைத் தொட்டதும் என்ன நடக்கும் என்பதை இந்த மலைக்காரர்கள் பார்த்திருக்கிறார்கள்.

அடுத்தது பாதரசம். அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுனில் ஓடிய தெர்மாமீட்டர் தொழிற்சாலையை பாண்ட்ஸ் கம்பெனி 1983இல் கொடைக்கானலுக்குக் கொண்டுவந்தது. 1987இல் அது ஹிந்துஸ்தான் லீவர் கைக்கு வந்தது. இடம் பாம்பார் சோலையின் மேல்விளிம்பு. சரக்கில் பெரும்பகுதி ஏற்றுமதி. வேலை செய்தவர்கள் உள்ளூர்க்காரர்கள். 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய இரும்புக்கடையில், பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி 7.4 டன் கிழிந்த சாக்குகளில் கிடந்தது வெளியே வந்தது. கவுன்சிலும் முன்னாள் தொழிலாளர்களும் ஊர்க்காரர்களும் கிரீன்பீஸ் அமைப்பும் சேர்ந்து ஊர்வலம் போனார்கள். அந்த ஆண்டே தொழிற்சாலை மூடப்பட்டது. 2003இல் ஏறக்குறைய 290 டன் கழிவு கப்பலேறிப் பென்சில்வேனியாவுக்குத் திரும்பிப் போயிற்று. கழிவு ஏழை நாட்டுக்கு வருவதுதான் உலக வழக்கம். இங்கே அது வந்த திசையிலேயே திரும்பிற்று.

தெர்மாமீட்டர், காய்ச்சல், சூடாகும் பூமி என்று ஒரு உருவகம் பண்ணக் கை துறுதுறுக்கிறது. வேண்டாம். கவனிக்க வேண்டியது வேறு. அந்தப் போராட்டத்தின் முதுகெலும்பு கோஷத்தில் இல்லை, ஒரு கழித்தல் கணக்கில் இருந்தது. உள்ளே வந்த பாதரசம் எவ்வளவு? தெர்மாமீட்டரில் அடைபட்டு வெளியே போனது எவ்வளவு? உடைசலில் எவ்வளவு? மீதி எங்கே? கம்பெனி ஆலோசகர்களை வைத்து ஒரு கணக்குக் காட்டிற்று. போராடியவர்கள் அதை ஏற்கவில்லை. வித்தியாசம் காற்றிலும் மண்ணிலும் மனித உடம்பிலும் இருக்கிறது என்றார்கள். அணுசக்தித் துறையின் ஆய்வாளர்கள் மரங்களில் படிந்த பாசியையும் லைக்கனையும் பரிசோதித்து, பாதரசம் காற்றுவழி பரவியிருப்பதைப் பதிவு செய்தார்கள். மரப்பட்டையில் இருந்த பாசி, யாரும் கேட்காமலே பேரேடு எழுதிக்கொண்டிருந்திருக்கிறது.

'இயற்கைக்குத் துரோகம்' என்று அந்த ஊர்வலம் புறப்பட்டிருந்தால் ஒரு சாக்குகூட நகர்ந்திருக்காது. 7.4 டன் என்று சொன்னதால் நகர்ந்தது. அவர்களுக்கு யாரைக் கேட்பது என்று தெரிந்திருந்தது.

4

ஆனால் பெயர் தெரிந்தால் மட்டும் போதுமா? தொழிலாளர்கள் 2006இல் உயர்நீதிமன்றம் போனார்கள். வேலைச்சூழலால் யாருக்கும் உடல்நலம் கெடவில்லை என்பதே கம்பெனியின் நிலை. மருத்துவ நிபுணர் குழுக்களின் அறிக்கைகளை அது மேற்கோள் காட்டிற்று. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் ஒப்பந்தம் ஏற்பட்டது. தொகை கொடுக்கப்பட்டது. எந்தத் தலைப்பில்? கருணைத்தொகை.

இந்த வார்த்தை எனக்குத் தொழில்முறையில் பழக்கமானது. கருணைத்தொகை என்றால் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை, ஆனாலும் கொடுக்கிறோம் என்று அர்த்தம். பணம் கைமாறுகிறது, பொறுப்பு கைமாறுவதில்லை. பத்து வருஷம் கோர்ட்டுக்கு அலைந்தவர்கள் அதை வாங்கிக்கொண்டதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் கணக்கு முடிந்ததா என்றால், முடியவில்லை. இன்னொரு சஸ்பென்ஸ் கணக்குக்கு மாற்றப்பட்டது, அவ்வளவுதான்.

ஜப்பானில் மினமாட்டா ஊரில் இதே நாடகம் முன்பே நடந்திருக்கிறது. அது வேறுவகைப் பாதரசம். கடலில் கலந்து மீன் வழியே உடம்பில் ஏறியது. சேதத்தின் அளவும் வேறு. இரண்டையும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஒரே ஒரு ஒற்றுமையைத்தான் காட்ட விரும்புகிறேன். நோய் 1956இல் அதிகாரபூர்வமாகப் பதிவாயிற்று. 1959 டிசம்பர் கடைசியில் சிஸ்ஸோ கம்பெனி நோயாளிகளுடன் ஒரு ஒப்பந்தம் செய்துகொண்டது. கொடுத்த பணத்துக்குப் பெயர் நஷ்டஈடு அல்ல, அனுதாபத் தொகை. பின்னால் கம்பெனி மீது தவறு நிரூபணமானாலும் மேற்கொண்டு கேட்கக்கூடாது என்று நிபந்தனை. 1973இல் குமமோட்டோ நீதிமன்றம் அந்த ஒப்பந்தமே செல்லாது, பொது ஒழுக்கத்துக்கு விரோதமானது என்று தீர்ப்புச் சொல்லிற்று. அதாவது பதிவை அடித்துவிட்டுச் சரியான தலைப்பில் திரும்ப எழுதச் சொல்லிற்று.

அந்தப் பதினாலு வருஷத்தில் என்ன நடந்தது என்பது நம் போன்றவர்களுக்கு அக்கறைக்குரியது. இஷிமுரே மிச்சிகோ என்ற பெண்மணி, மினமாட்டாவில் வளர்ந்தவர், இல்லத்தரசி, மரபான தங்கா கவிதை எழுதிக்கொண்டிருந்தவர். நோயாளிகளின் வீடுகளுக்குப் போய்வர ஆரம்பித்தார். 1968இல் உள்ளூர்க்காரர்கள் நோயாளிகளுக்காக அமைத்த குடிமக்கள் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1969இல் அவருடைய 'குகய் ஜோடோ' வெளிவந்தது. அதில் மருத்துவ அறிக்கை இருக்கிறது. மீனவர்களின் பேச்சு அந்த வட்டார வழக்கிலேயே இருக்கிறது. பேச்சு போய்விட்டவர்களுக்காக அவர் கற்பனை செய்த பேச்சும் இருக்கிறது. நாவலா, ஆவணமா என்று இன்றுவரை தகராறு. எனக்கு முக்கியமாகப் படுவது, சேவையும் எழுத்தும் அவரிடம் இரண்டு வேலைகளாக இருக்கவில்லை என்பது. ஒரு நீதிமன்றம் அந்தத் தலைப்பை மாற்றி எழுதத் துணிவதற்கு முன்னால், யாரோ அந்த மனிதர்களைப் பெயரும் குரலும் உள்ளவர்களாக ஆக்கவேண்டியிருந்தது.

தமிழில் கொடைக்கானல் பாதரசத்துக்கு அப்படி ஒரு புத்தகத்தை என்னால் காட்ட முடியவில்லை.

5

பாட்டு வந்தது. 2015 ஜூலையில் சோஃபியா அஷ்ரஃப் பாடிய ராப் பாட்டு, அமெரிக்கப் பாடகி நிக்கி மினாஜின் ஒரு மெட்டில், ஆங்கிலத்தில். நம் வட்டத்தில் பலர் முகம் சுளித்தார்கள். நான் சுளிக்கவில்லை, ஆனால் அது எதனால் பலித்தது என்று பார்க்க வேண்டும். அது தாண்டிக்குடியிடமோ மதுரையிடமோ பேசவில்லை. பொருளின் பெயர் கெட்டால் பதறுகிற இடத்தை நோக்கிப் பேசிற்று. விலாசம் சரியாக எழுதிய கடிதம். லட்சக்கணக்கானவர்கள் கேட்டார்கள், எட்டு மாதத்தில் ஒப்பந்தம் வந்தது. பாட்டினால் மட்டும் வந்ததல்ல, பின்னால் பதினைந்து வருஷப் பிடிவாதம் இருந்தது. ஒரு கலைப்பொருளாக அது நிற்குமா என்று கேட்டால் தயங்குவேன். யாருக்கு என்பதில் அது தயங்கவில்லை.

தொழிற்சாலை மண்ணைச் சுத்தம் செய்வது பற்றிய தகராறு பிறகும் தொடர்ந்தது. கிலோவுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் மண்ணில் மிஞ்சலாம் என்ற அளவு ஏற்கப்பட்டபோது, இங்கிலாந்தில் இதை அனுமதிப்பீர்களா என்று போராடியவர்கள் கேட்டார்கள். 2018இல் டி.எம். கிருஷ்ணாவும் சேர்ந்த இரண்டாவது பாட்டு அந்தக் கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டது.

இவற்றோடு ஒப்பிட வேண்டியது 2017 ஜனவரியில் வந்த 'சென்னை பொறம்போக்கு பாடல்'. எண்ணூர் கழிமுகத்தைப் பற்றியது. சொற்கள் கபேர் வாசுகி, பாடியவர் கிருஷ்ணா. கர்நாடக ராகங்களில் அமைந்தது என்பதைத்தான் எல்லோரும் பேசினார்கள். என் கவனம் அந்தத் தலைப்புச் சொல்லில் நின்றது. புறம்போக்கு என்பது வருவாய்த்துறைச் சொல்: தனியாருக்குப் பட்டா இல்லாத, ஊருக்குப் பொதுவான நிலம். அது எப்படியோ வசைச் சொல்லாகி, ஒன்றுக்கும் உதவாதவன் என்ற அர்த்தத்துக்கு வந்துவிட்டது. பொது நிலத்தைப் பிடுங்குவதற்கு முன்னால் மொழியில் அதன் மானம் பிடுங்கப்பட்டிருக்கிறது. அந்தப் பாட்டு சொல்லை அதன் பழைய இடத்துக்குத் திரும்பக் கொண்டுபோகிறது. காலநிலை நீதி என்ற மொழிபெயர்ப்புச் சொல் செய்யமுடியாததைத் தெருவில் கிடந்த ஒரு வசைச் சொல் செய்தது.

6

இந்த மலையிலும் அப்படி ஒரு சொல் உண்டு: தரிசு. மேல்பழனியின் புல்வெளிகளை வெள்ளைக்கார வன அதிகாரிகள் மரம் இல்லாத வீண்நிலம் என்றுதான் பார்த்தார்கள். நாட்டு அரசாங்கமும் அதே கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தோல் பதனிடும் பட்டைக்கு வாட்டிலும், கூழுக்கு யூகலிப்டஸும், பைனும் நட்டது. சோலையும் புல்லும் கலந்த அந்த நிலம்தான் மழையை வாங்கித் தேக்கிச் சிறுகச் சிறுகக் கீழே விடுகிற அமைப்பு. புல்லின் வேருக்குக் கீழே மண் கரியமிலத்தைப் பிடித்துவைத்திருக்கிறது. 1973க்கும் 2014க்கும் இடையே பழனி மலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று செயற்கைக்கோள் படங்களை வைத்து ஆய்வாளர்கள் 2018இல் எழுதினார்கள். இன்றைக்கும் காலநிலையைக் காப்பாற்றப் புறப்படும் நல்லவர்கள் மரக்கன்றோடுதான் வருகிறார்கள். என்னைத் தேடி வந்த ஆசிரியையின் குழு கன்றைப் பிடுங்குவதற்குப் போகிறபோது, டூரிஸ்டுகள் காரை நிறுத்தித் திட்டிவிட்டுப் போகிறார்களாம்.

புல்வெளி போனது நம் கவிதைக்குத் தெரியாது. நாம் குறிஞ்சிக்காரர்கள். 2006இல் நீலக்குறிஞ்சி பூத்தது, 2018இல் பூத்தது; 2018இல் எழுதப்பட்ட கவிதைகளுக்குக் கணக்கில்லை. நானும் ஒன்று எழுதினேன், இதே பத்திரிகைக்கு. மௌனம், நீலம், பன்னிரண்டு வருஷக் காத்திருப்பு, அகத்தின் தனிமை எல்லாம் அதில் உண்டு. நேற்று எடுத்துப் படித்தேன். அந்தப் பூ எந்த நிலத்தில் நிற்கிறது, அந்த நிலம் எவ்வளவு மிச்சம், அதில் தலைமுறைகளாக நடந்த பளியர் இன்று எங்கே நிற்கிறார்கள், எதுவுமே இல்லை. புல்வெளி போனால் குறிஞ்சி இல்லை என்ற எளிய சங்கதி இல்லை. முதற்பொருள் நிலமும் பொழுதும் என்று தொல்காப்பியர் சொன்னதை மேடைதோறும் சொல்லிக்கொண்டு, நிலத்தையும் பொழுதையும் விட்டுவிட்டு உரிப்பொருளை மட்டும் எடுத்துக்கொண்டோம். நிலமும் பொழுதும் நமக்குப் பின்படுதா.

ஒரு ஆட்சேபத்தை எதிர்பார்க்கிறேன். இது கடைசியில் பிரசாரத்துக்குத்தானே வந்து நிற்கிறது. நாற்பது ஐம்பது வருஷத்துக்கு முன்னால் சிறுபத்திரிகைகள் எந்தக் கோஷ இலக்கியத்தை எதிர்த்துப் புறப்பட்டனவோ, அதையே பின்வாசல் வழியாகக் கொண்டுவருகிறாயா? இல்லை. கோஷ இலக்கியத்தின் மேல் நம் முன்னோர்கள் வைத்த குற்றச்சாட்டு, அது அரசியல் பேசிற்று என்பதல்ல. அது பார்க்காமல் பேசிற்று என்பது. 'வர்க்கம்', 'சமுதாயம்' என்று பெரிய எழுவாய்களைப் போட்டு மனிதனை மறைத்தது என்பது. அதே குற்றத்தை இன்று நாம் செய்கிறோம், 'இயற்கை', 'பிரபஞ்சம்', 'மௌனம்' என்று. பிரசுரத்தின் 'மனிதகுலம்' எவ்வளவு பொய்யோ, என் கவிதையின் 'மௌனம்' அவ்வளவு பொய். துல்லியம் என்பது கலைக்கு வெளியே இருக்கும் கடமை என்று நான் நினைக்கவில்லை.

7

பெரியவரின் கேள்விக்கு வருகிறேன். தொழிற்சாலைக்குக் கேட் இருந்தது, போய் நிற்கலாம். ஆகாயத்துக்குக் கேட் இல்லை. பாதரசக் கணக்கில் ஒரு பெயர். மழைக்கணக்கில் ஆயிரம் பெயர்கள், அதில் நம் பெயரும் உண்டு. ஆனால் ஆயிரம் பெயர்கள் என்பதும் பெயரே இல்லை என்பதும் ஒன்றல்ல. தொழில் யுகம் தொடங்கி இதுவரை எரித்துச் சேர்ந்த கரியமில வாயுவில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு அமெரிக்காவினுடையது. இன்றைய சராசரி இந்தியன் வெளியிடுவது உலகச் சராசரியில் பாதிகூட இல்லை. அந்தச் சராசரிக்குள் தாண்டிக்குடிப் பெரியவரும் இருக்கிறார், வருஷம் மூன்று தடவை கார் எடுத்துக்கொண்டு மலையேறுகிறவரும் இருக்கிறார். 2024 மே 7 முதல் கொடைக்கானல் வரும் வண்டிகளுக்கு உயர்நீதிமன்ற உத்தரவால் இ-பாஸ் வந்தது. முதல் நோக்கம் எத்தனை வண்டி என்று எண்ணுவது. எண்ணிப் பார்த்த பிறகு 2025 கோடையில் வார நாளில் 4,000, வாரக் கடைசியில் 6,000 என்று வரம்பு வந்தது. கோடைக்கு ஒரு இலக்கிய முகாம் என்று மேலே போகிற நாமும் அந்த எண்ணிக்கைக்குள்தான்.

பிரசுரத்தை ஐந்து தடவை எழுதினேன். என் கவிதைகளை நான் இவ்வளவு திருத்தியதில்லை. 'காலநிலை நீதி'யை எடுத்துவிட்டேன். பெரியவர் சொன்ன 'பருவம் தப்பிப்போச்சு' என்பதையே தலைப்பாக்கினேன். அந்தச் சொல்லுக்குள்ளேயே ஒரு தப்பு இருக்கிறது, யார் தப்பு என்று கேட்கத் தோன்றும். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எழுவாய் வைத்தேன். எந்த நாடு எவ்வளவு எரித்தது என்று இரண்டு வாக்கியம். பள்ளிக்கூட நோட்டில் இருந்து மழை அளவு, மாதவாரியாக, ஒரு சிறு பட்டியல். பயிர்க் காப்பீட்டில் சேதத்தை ஒவ்வொரு தோட்டமாகப் பார்க்காமல் ஊர், பிர்கா என்ற கணக்கில் பார்ப்பதால் ஊருக்கு ஒரு மழைமானி வேண்டும் என்று கிராம சபையில் தீர்மானம் போடுங்கள் என்று ஒரு வாக்கியம்.

கடைசி வாக்கியத்தில்தான் பேனா நின்றுவிட்டது. இயற்கைச் சேதம் என்று அரசு அறிவித்த பகுதிகளில் பயிர்க்கடனைத் திருத்தியமைத்து, தவணைக்கு அவகாசம் கொடுக்க ரிசர்வ் வங்கியின் நெறிமுறைகளில் இடம் இருக்கிறது. இது கவுண்ட்டருக்கு உள்ளே இருக்கும் எங்களுக்குத் தெரியும். கேட்டால் சொல்வோம். கேட்பதில்லை, அதனால் சொல்வதில்லை. 'தெரிவிக்கப்படுவதில்லை' என்று செயப்பாட்டில் எழுதினால் யாருக்கும் நோகாது. எழுதினேன், அடித்தேன். 'வங்கிக் குமாஸ்தாக்கள் தாமாகச் சொல்வதில்லை. போய்க் கேளுங்கள்' என்று எழுதிக் கொடுத்தேன். ஆசிரியை படித்துவிட்டு, "சார், இது உங்களுக்குப் பிரச்னை ஆகாதா?" என்றார். ஆகலாம் என்றேன்.

பிரசுரம் போன மூன்றாவது வாரம், திங்கட்கிழமை நெரிசலில், தாண்டிக்குடிப் பெரியவர் வரிசையில் நின்றிருந்தார். அவர் முறை வந்ததும் நாலாக மடித்த காகிதத்தைக் கவுண்ட்டர் பலகையில் விரித்து, கடைசி வரியில் விரலை வைத்தார்.

"இது நீங்க எழுதினதுன்னு டீச்சர் சொன்னாங்க தம்பி. அதான் உங்ககிட்டயே கேக்க வந்தேன்."